உரோமர் இல்லமும் யாழ்ப்பாணத்து இல்லமும்

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர், தாம் இயற்றிய இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் ஆறாம் பகுதியிலே இலங்கைத் தீவைப்பற்றி விரிவாகக் கூறியுள்ளார். செங்கடற்றுறைகளில் வரி தண்டும் குத்தகையைப் பெற்றிருந்த அன்னியசு புளோகாமசு என்பவனுடைய ஆள் ஒருவன், அடிமையாயிருந்து உரிமை பெற்றவன், அரேபியாவைச் சுற்றிக் கலஞ் செலுத்துங்கால் வடகாற்றால் அலைப்புண்டு, பதினைந்தாம் நாள் இத்தீவின் துறையொன்றை அடைந்தானாம். அத்துறைக்குப் பிளினி கொடுக்கும் பெயர் இப்புரோசு என்பது. கிரேக்க மொழியிற் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு அது தொடர்புடையதாதலின், மேற்குக் கரையிலுள்ள குதிரைமலையே அத்துறை என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். வந்தவன் ஆறு திங்கள் தங்கி நாட்டு மொழியைக் கற்று, அரசனுக்கு உரோமரைப்பற்றி எடுத்துரைத்தான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அரசன் நோக்கினான். வெவ்வேறு பேரரசர் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் எல்லாம் ஒரே நிறையுடையனவாய் இருந்தமை கண்டு வியந்து, நால்வர் தூதரை உரோமாபுரிக்கு அனுப்பினான். அது குளோடியசுப் பேரரசன் காலத்திலே நிகழ்ந்தது என்பது பிளினியின் கூற்று.

எகிப்தின் கீழ்ப்பாலைவனத்துப் பாறையொன்றிலே, இதே புளோகாமசின் அடிமையாகிய இலைசாசு என்பவன் கி.பி. 6ஆம் ஆண்டிற் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தன் பெயரைப் பொறித்துவைத்துள்ளமை இருபதாம் நூற்றாண்டிற் கண்டறியப்பட்டது. இவனும் இலங்கைக்கு வந்தவனும் ஒருவனோ, வேறோ என்பது ஒருபுறமிருக்க, உரோமரின் கடல் வாணிகத்தைக் கையாண்டோர் யாவர் என்பது இதனால் விளங்கும். மிளகுக்கும் முத்துக்கும் துகிலுக்குமாக ஆண்டுதோறும் ஐந்து கோடி செசுத்தேர்சுப் பணம் இந்தியாவுக்குச் செல்லுகின்றதெனப் பிளினி வருந்திய அவ்வாணிகம், பெரும்பாலும் அடிமைகளாலும் உரிமை பெற்ற அடிமைகளாலுமே நடந்தது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிற் கிடைத்த உரோம நாணயங்களும் எத்தனை கை மாறி அங்கு வந்தனவோ!

தூதர் கூறியனவாகப் பிளினி எழுதியவற்றுள் இரண்டு செய்திகள் ஈண்டு நோக்கத்தக்கன. இத்தீவில் அடிமையை உடையார் எவருமிலர் என்பது ஒன்று. நீதிமன்றங்களும் வழக்குகளும் இங்கில்லை என்பது மற்றொன்று. வீடுகள் அளவான உயரமுடையன, தானியவிலை ஏறுவதில்லை, பகலில் எவரும் துயிலார் என்பனவும் உடன் கூறப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வேலி எல்லைக்காகவும் கிணற்றுப் பங்குக்காகவும் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்குகளை அறிந்தோர், இரண்டாவது செய்தியைப் படித்து நகையாமல் இருத்தல் அரிது. தூதர் தம் நாட்டை மிகைபடப் புகழ்ந்தனரோ, செல்வச் செருக்கால் நலிந்த தம் நாட்டாருக்கு அறிவு புகட்டுதற்பொருட்டுப் பிளினி தொலைநாடொன்றைக் கண்ணாடியாகக் காட்டினாரோ என்பது ஆராய்தற்குரியது. பின்னதே பொருத்தமுடையதாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும் அடிமையும் வழக்கும் ஆகிய இவ்விரண்டுமே உரோமர் வாழ்க்கையின் அடித்தளமாய் இருந்தன. பிற்காலத்து யாழ்ப்பாண வாழ்க்கையிலும் இவை பேரிடம் பெற்றிருந்தன என்பதற்குத் தேசவழமை சான்று பகரும்.

தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பு எழுந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1658ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வழக்குகளைத் தீர்த்தற்கு இந்நாட்டு வழமை இன்னதென்று அறியாது இடர்ப்பட்டனர். தேசாதிபதி கொர்னேலிசு யோவான் சைமன்சு இட்ட ஆணையின்படி, நெடுங்காலம் இங்குத் திசாவையாயிருந்து பழகிய கிளாசு ஐசாக்சு என்பவர் வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒப்படைத்தார். அது தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட, அவர்கள் பார்வையிட்டு ஒப்புதலளித்தனர். உரோமரின் முதற் சட்டமும், கி.மு. 450 அளவிற் பன்னிரண்டு பலகைகளிலே பொறிக்கப்பட்டது. பன்னிரண்டு என்னும் எண் தற்செயலாய் ஒத்ததேயன்றி வேறொன்றுமன்று. ஆயினும் இரண்டும் பேசும் பொருள்கள் வியக்கத்தக்கவாறு ஒத்துள்ளன. அயலான் நிலத்தில் விழுந்த கனியைப் பொறுக்குதற்கு மரத்துக்குரியவனுக்கு உரிமை உண்டெனப் பன்னிரண்டு பலகைச் சட்டம் கூறிற்று. வேலி கடந்து சாயும் மரத்தின் பயன் யாருக்கு என்னும் வினாவைத் தேசவழமையும் எடுத்து விடுக்கின்றது. ஏறிய வட்டி முதலை மிஞ்சலாகாது என்னும் விதி உரோமரிடத்தும் உண்டு, தேசவழமையிலும் உண்டு. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டது என்று துணிதல் தவறு. இவ்வட்டி விதி வடமொழித் தரும நூல்களிலும் காணப்படுவது. உழுதுண்டு வாழும் மக்கட்கு எழும் பிணக்குகள் எங்கும் ஒரு தன்மையவே.

இனி இல்லத்தின் அமைப்பை நோக்குமிடத்து, செல்வமுடைய உரோமனது வீடு தெருவுக்குப் புறங்காட்டி உள்நோக்கி அமைந்தது. வாயிலைக் கடந்தால் நடுவே வானந் திறந்த முற்றம். கூரையின் நாற்புறத்து மழைநீரும் அங்குள்ள தொட்டியில் வீழும். சுற்றிவர அறைகள். ஒரு பக்கத்தில் இல்லுறை தெய்வங்களுக்கு மாடம். முன்னோரின் மெழுகு முகங்கள் பேழைகளில் வைத்துப் போற்றப்பட்டன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சங்கடப்படலையும் தலைவாசலும் நடுமுற்றமும் சாமியறையும் கொண்ட அவ்வீடும் உள்நோக்கிய வீடே. கற்சுவருக்கு ஈடாகக் கிடுகுவேலி நின்றது. ஆனால் உரோம நகரத்து ஏழை மக்களுக்கு இத்தகைய வீடில்லை. அவர்கள் ஐந்தாறு மாடி கொண்ட வாடகைக் கட்டடங்களிலே, தீக்கும் இடிபாட்டுக்கும் அஞ்சி, அடுப்பும் நீருமின்றி வாழ்ந்தனர். ஒகத்தசுப் பேரரசன் காலத்தில் ஏறக்குறைய 2,00,000 பேர் அரசாங்கத்தின் இலவசத் தானியத்தைப் பெற்றனர். விடியற்காலையிற் பெருமக்கள் வாயிலில் வரிசையாய் நின்று வணங்கிச் சிறு கொடை பெற்று மீளுதலே பலர்க்கு அன்றாடத் தொழிலாயிற்று.

வீட்டுக்கு இறைவன் தந்தை. மனைவி மக்கள் மீதும் அடிமைகள் மீதும் அவனுக்கிருந்த ஆணைக்கு உரோமச் சட்டத்தில் எல்லையில்லை என்று கூறத்தகும். பிறந்த குழவியை ஏற்பதும் எறிவதும் அவன் விருப்பம். மகன் நாற்பது வயதினனாய், நாட்டை ஆளும் கொன்சல் பதவியை வகிப்பவனாய் இருப்பினும், தந்தை உயிரோடிருக்கும்வரை அவனுக்கெனச் சொத்தில்லை. தேடியதெல்லாம் தந்தையையே சேரும். படைத்தொழிலால் ஈட்டிய பொருளை மாத்திரம் மகன் தனதாக வைத்துக்கொள்ள ஒகத்தசு இடமளித்தான். மசேதோ என்பவன் கடன் தொல்லை தாங்காது தந்தையைக் கொன்றான் என்றும், அதன் பின்னரே தந்தை ஆணைக்குட்பட்ட மக்களுக்குக் கடன் கொடுத்தலைத் தடுக்கும் விதி பிறந்தது என்றும் சட்ட நூலார் கூறுவர்.

தேசவழமையில் ஏறக்குறைய இதே நிலை, சிறிது மெலிந்த வடிவிற் காணப்படுகின்றது. பெற்றோர் இருக்கும்வரை ஆண்மக்கள் பங்கு கேட்டல் இயலாது. மணமாகுமுன் அவர்கள் ஈட்டியதெல்லாம் குடும்பப் பொதுவிற் சேர்தல் வேண்டும். உடலில் அணிந்திருக்கும் பொன் வெள்ளி நகைகள் மாத்திரம் விலக்கு. உரோமனுக்கு வாள், யாழ்ப்பாணத்தானுக்குக் கடுக்கன்! வேறுபாடு யாதெனின், உரோமத் தாய்க்கு மக்கள் மேல் சட்டமுறையான ஆணை இருக்கவில்லை. கணவன் இறந்தால் மக்கட்குப் பாதுகாவலனாக ஓர் ஆண்மகன் நியமிக்கப்பட்டான். யாழ்ப்பாணத்திலோ கணவனை இழந்த தாய் மக்களை வளர்த்துப் பெண்களை மணஞ்செய்து கொடுக்கும்வரை சொத்தைத் தன் கையில் வைத்திருக்க உரிமையுடையவள். இவ்வூரின் பழைய வீடுகளிலே ஆச்சியின் மடியிற் சாவிக்கொத்து இருந்தமைக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது.

பிள்ளையில்லாதார் பிள்ளை தத்தெடுக்கும் முறையும் இரு நாட்டிலும் உண்டு. உரோமர் பெரும்பாலும் வளர்ந்த ஆடவரையே தத்தெடுத்தனர். குலப்பெயரும் அரசியற் செல்வாக்கும் தொடர்தலே அவர் நோக்கம். ஒகத்தசு தானே யூலியசு சீசருக்குத் தத்துமகன். யாழ்ப்பாணத்தில் உறவினரின் உடன்பாட்டோடு, பிள்ளையின் கால் தோய்ந்த மஞ்சள் நீரைத் தத்தெடுப்போர் பருகுதல் சடங்காயிருந்தது. தத்தான பிள்ளை பெற்றோரின் முதுசத்தில் உரிமையிழக்கும் என்பது இரண்டிடத்தும் விதி.

சீதனமே இரு சமுதாயங்களும் மிக நெருங்கிவருமிடம். தேசவழமை சொத்தை மூவகையாக வகுத்தது. முன்னோர் வழி வருவது முதுசம், பெண்ணோடு வருவது சீதனம், இல்லறத்தில் இருவரும் சேர்ந்து தேடுவது தேடியதேட்டம். பழைய வழக்கில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. ஒல்லாந்தர் காலத்தளவில் இவ்வரம்பு தளர்ந்து, எச்சொத்திலிருந்தும் சீதனங் கொடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. சீதனம் பெற்ற பெண் பெற்றோரின் பிற சொத்திற் பங்கு கேட்டல் இயலாது. அவள் பிள்ளையின்றி இறப்பின் சீதனம் கணவனுக்குப் போகாது, அவள் உடன்பிறந்த பெண்களுக்கு மீளும். உரோமப் பெண்ணின் சீதனமும், தந்தை கொடுத்ததாயின், அவள் மணவாழ்விலே இறந்தவழித் தந்தைக்கே மீளுவது வழக்கம். பெண்ணுடன் சென்ற நிலம் பிறர் குலத்திற் கலந்துவிடாமற் காத்தலே இரண்டு விதிகளின் உள்ளக்கிடக்கை. பெண்ணின் நலம் அதனால் விளைந்த ஒரு பயனேயன்றி நோக்கமன்று எனக் கருத இடமுண்டு.

எனினும் ஓரிடத்தில் உரோமர் முற்பட்டு நின்றனர். ஒகத்தசு இயற்றிய சட்டமொன்று, இத்தாலியிலுள்ள சீதன நிலத்தை மனைவியின் இசைவின்றிக் கணவன் விற்றலாகாது என விதித்தது. மூன்று மக்களைப் பெற்ற உரிமைப்பெண் பாதுகாவலனின்றித் தானே தன் பொருளைக் கையாளலாம் என அவனது மணச்சட்டங்கள் இடமளித்தன. யாழ்ப்பாணத்து நிலை இதனின் மாறுபட்டது. 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசைவற்ற சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான இசைவின்றிக் கைமாற்றலாகாது என விதித்தது. கணவன் இசையாவிடில் மாவட்ட நீதிமன்றத்தை நாடவேண்டும். 1923ஆம் ஆண்டில் இலங்கையின் ஏனைய பெண்கள் பலர்க்குச் சொத்துரிமை வழங்கிய கட்டளைச் சட்டம், தேசவழமைக்குட்பட்ட பெண்களைத் தன் வரம்புக்குப் புறத்தே நிறுத்தியது. அங்கே நிலத்தை விற்கக் கணவனுக்கு மனைவியின் இசைவு வேண்டும். இங்கே தன் நிலத்தைத் தான் விற்க மனைவிக்குக் கணவனின் இசைவு வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, கி.மு. 18ஆம் ஆண்டளவிற் செய்த சட்டம் எது, கி.பி. 1911இற் செய்தது எது என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

உரோமச் சட்டம் யாழ்ப்பாணத்துக்கு வெறும் ஒப்பீட்டுப் பொருளாகமட்டும் நிற்கவில்லை. ஒல்லாந்தர் தம்முடன் கொண்டுவந்த உரோம-ஒல்லாந்தச் சட்டம், 533ஆம் ஆண்டில் யசுத்தீனியன் தொகுப்பித்த உரோமச் சட்டத்தினின்று கிளைத்தது. தேசவழமை வாய்திறவாத இடங்களில் அதுவே யாழ்ப்பாணத்து வழக்குகளைத் தீர்த்தது. 1795இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின்னும் ஆங்கிலேயர் இரண்டையும் நிலைநிறுத்தினர். 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தேசவழமைக்கு முழு வலுவும் கொடுத்தது. இவ்வாறு தைபர் நதிக்கரையில் எழுந்த நியாயங்கள், வழுக்கியாற்றுக் கரையிலுள்ள தோட்டக் காணிகளின் வழக்குகளில் எடுத்தோதப்பட்டன.

அடிமை முறையைப்பற்றிக் கூறாதொழியின் இவ்வொப்பீடு நிறைவுறாது. உரோமனின் அன்றாட வாழ்வில் அடிமையின் கை படாத செயலில்லை. நீர் இறைத்தவனும் மா அரைத்தவனும் அடிமை. கணக்கெழுதியவனும், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவனும், பலவிடத்து மருத்துவனும் அடிமையே. கி.பி. 61இல் நகரத் தலைவனாகிய பெதானியசு செக்குந்தசு தன் அடிமையொருவனாற் கொலையுண்டபோது, ஒரே கூரையின்கீழ் இருந்த 400 அடிமைகளும், பெண்டிரும் சிறுவரும் உட்பட, பழைய வழமைப்படி கொல்லப்பட்டனர். பொதுமக்கள் கற்களோடு திரண்டு தடுக்க முயன்றனர். நீரோ வீதியெங்கும் படைஞரை நிறுத்தித் தண்டனையை நிறைவேற்றினான். பேரவையில் அத்தண்டனைக்காக வாதாடியவர் காசியசு என்னும் பெரும் சட்ட அறிஞர் என்பது குறிப்பிடத்தக்கது. வழமை என்பதற்காகவே ஒன்று நன்றாகிவிடாது என்பதைக் கற்றறிந்தோர் உணரவில்லை. கல்லேந்திய மக்கள் உணர்ந்தனர்.

யாழ்ப்பாணத்தில் ஐசாக்சு தம் தொகுப்பின் ஒரு பகுதியை அடிமைகளுக்கென ஒதுக்கினார். கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்னும் நான்கு பிரிவினர் அதிற் குறிக்கப்பட்டுள்ளனர். வறுமையால் தம்மைத் தாமே விற்றவரும், பெற்றோரால் விற்கப்பட்டவரும் இவர்களுள் இருந்தனர். 1697இல் ஒல்லாந்தத் தளபதி சுவார்தெக்குரோன் எழுதிவைத்த குறிப்பின்படி, 1694 தொடக்கம் 1696 வரையுள்ள ஈராண்டில் மாத்திரம் எதிர்க்கரையிலிருந்து 3,500க்கு மேற்பட்டோர் அடிமைகளாக இங்குக் கொண்டுவரப்பட்டனர். தலைக்கு இவ்வளவென்று கம்பனி வரியும் பெற்றது. தாய் யாருக்கு உரியவளோ பிள்ளையும் அவருக்கே உரியது என்பது தேசவழமை. உரோமரின் விதியும் அதுவே. அடிமை பிள்ளையின்றி இறப்பின் அவன் தேடிய பொருள் ஆண்டானைச் சேர்ந்தது. அடிமையை விடுவிக்க விரும்பியோர், தடைகூறுவோர் உளரோவென அறிதற்பொருட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் அதனைப் பறைசாற்றல் வேண்டும். திருமண அறிவித்தல் வாசிக்கப்பட்ட அதே இடத்தில் மனிதனின் விடுதலையும் வாசிக்கப்பட்டது. இத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்பமிட்ட பன்னிருவரும் உடைமையாளர் வகுப்பைச் சேர்ந்தோர். அடிமைகள் எவரும் கேட்கப்படவில்லை. ஆதலின் தேசவழமையைத் தேசம் முழுவதன் வழமை எனக் கொள்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

விடுதலைக்குப் பின்னரே இரு சமுதாயங்களும் பிரிந்து செல்கின்றன. உரோமச் சட்டம் கொடியதெனினும் அடிமை நிலையைப் பிறப்போடு பிணைத்த சாதியாக்கவில்லை. போரிற் பிடிபட்டவன் எக்குலத்தவனாயினும் அடிமையானான். முறைப்படி விடுவிக்கப்பட்டவன் உரோமக் குடிமகனானான். விடுதலை மிகுந்துவிட்டதென அஞ்சிய ஒகத்தசு கி.மு. 2இலும் கி.பி. 4இலும் அதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தான். அத்துணை எளிதில் அது நிகழ்ந்தது என்பதற்கு அவ்விதிகளே சான்று. பழைய ஆண்டானுக்குச் செய்யவேண்டிய கடமைகள் அவனளவில் இருந்தன. அவன் மகனுக்கு அவையுமில்லை. ஒராசு என்னும் பெருங்கவிஞரின் தந்தை விடுவிக்கப்பெற்ற அடிமை. அத்தந்தை ஏலப் பணம் தண்டும் தொழிலாற் பொருளீட்டி, மகனை உரோமாபுரிக்கு அழைத்துச் சென்று, பேரவையினரின் மக்கள் கற்ற பள்ளியிலே அவர்களோடு இருத்திக் கற்பித்தான். ஒரே தலைமுறையில் அடிமையின் மகன் பேரரசனின் நண்பனானான்.

யாழ்ப்பாணத்தில் விடுதலை மெல்ல வந்தது. 1806இல் அடிமைகளைப் பதிவுசெய்யுமாறு ஆங்கில அரசாங்கம் பணித்தது. 1821இல், பிறக்கும் பெண்மகவுகளின் விடுதலையைச் சிறு தொகை கொடுத்து வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பிள்ளையின் நிலை தாயைப் பற்றியதாதலின், பெண்கள் விடுதலை பெற்றால் அடுத்த தலைமுறையில் அடிமை பிறவாது என்பது அதன் கணக்கு. பழைய விதியைக்கொண்டே அதனை அழிக்கும் இச்சூழ்ச்சி நுட்பமானதே. ஆயினும் அரசாங்கத்தின் சிக்கனமும் அதிற் புலப்படுகின்றது. இறுதியாக 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தீவில் அடிமை முறையை முற்றாக ஒழித்தது.

சட்டத்தில் அடிமை ஒழிந்தான். ஊரிற் சாதி நின்றது. நிலம் பழைய கைகளிலேயே இருந்தது. கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் விடுவிக்கப்பட்டோரின் பேரர்க்கும் பெரும்பாலும் மூடியே இருந்தன. ஒராசின் தந்தை ஒரு தலைமுறையிற் கண்ட பள்ளிக்கூட இருக்கையை யாழ்ப்பாணத்துத் தந்தை மூன்று தலைமுறை கடந்தும் கண்டிலன். அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லா மாணவர்க்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்னும் கட்டளை 1930ஆம் ஆண்டளவிலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நிலத்திலும் வாசற்படியிலும் அமர்ந்து கற்ற மாணவர் இருந்தனர். கட்டளையை எதிர்த்துச் சில ஊர்களிற் கலகம் விளைந்தது. 1924இற் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரசைச் சேர்ந்த இளைஞரும் ஆசிரியர் சிலரும் அன்று கட்டளையின் பக்கத்தில் நின்றனர். அவர்களுட் பலர் இலத்தீனும் உரோம வரலாறும் வகுப்பிற் பயின்றவர்கள். 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு மக்கள் அமர்ந்திருந்தபோது அச்சட்டத்துக்குப் பதினொரு வயது. அடிமை ஒழிப்புக்கு 124 ஆண்டு.